வெளியேறிய யூதர்களின் பணத்துக்கு என்ன நடந்தது? வங்கிக் கோப்புகள் பற்றி ஒரு கேள்வி

கொக்குவில் டீச்சர்:
உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பிக்கிறேன். போன கிழமை 1930களின் ஜேர்மனி பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், போர் தொடங்க முதலே போனவர்கள் காசு பணத்தோடுதானே போயிருப்பார்கள், பிறகு எதற்குச் சொத்து வழக்கு?" என்று கேட்டாள். சரியான பதில் என்னிடம் இருக்கவில்லை. ஹம்பேர்க்கில் எம். எம். வார்பேர்க் என்ற தனியார் வங்கி வெளியேறியவர்களின் பணத்தைக் கையாண்டது என்று வாசித்தேன். வங்கிக்கு இதில் என்ன வேலை? அந்தக் கடதாசிகள் பிறகு எப்படி உதவின? பிள்ளைகளுக்கு விளங்கக்கூடிய மாதிரி யாராவது சொல்லுங்கள்.

பழைய காசாளர்:
நல்ல கேள்வி பிள்ளை கேட்டது. 31 வருடம் வங்கியில் இருந்தவன், கணக்காகவே சொல்கிறேன். வெளியேறுவோர் வரி 1931 டிசம்பரிலேயே, ஹிட்லருக்கு முதலே, வந்துவிட்டது, பணக்காரர் காசோடு ஓடாமல் தடுக்க. அப்போது 2 இலட்சம் மார்க்குக்கு மேல் சொத்துள்ளவருக்குத்தான். 1934இல் நாசிகள் அதை 50,000 ஆக இறக்கினார்கள். கால்வாசிச் சொத்து அதிலேயே போய்விடும். மிச்சமும் கைக்கு வராது, முடக்கப்பட்ட கணக்கில் விழும். வெளிநாட்டுக் காசாக மாற்றுவதென்றால் கோல்ட்டிஸ்கொண்ட் என்ற அரச வங்கிக்கு நட்டத்தில் விற்கவேண்டும், 1939 செப்டெம்பரில் அந்த நட்டம் 96 வீதம். 100 மார்க் இருந்தால் 4 மார்க்கின் பெறுமதிதான் மிஞ்சும்.

பலஸ்தீனத்துக்குப் போனவர்களுக்கு வேறொரு வழி இருந்தது, 1933 ஓகஸ்டில் வந்த ஹவாரா ஒப்பந்தம். போகிறவர் பேர்லினில் பல்ட்ரொய் என்ற நிறுவனத்திடம் மார்க்கைக் கட்டுவார், அதில் ஜேர்மன் குழாய், உரம், இயந்திரம் வாங்கி அங்கே அனுப்புவார்கள், சாமான் விற்ற காசு அவருக்குப் பவுணாகக் கிடைக்கும். 1,000 பவுண் காட்டியவரை பிரித்தானிய ஆட்சி தனிப் பிரிவில் உள்ளே விட்டதால் பல குடும்பங்கள் இதனால்தான் உயிர் தப்பின. வார்பேர்க்கும் பேர்லின் வாசர்மான் வங்கியும் இதில் பங்காளிகள். எதற்கும் வெளிநாட்டுச் செலாவணி அலுவலகத்தின் அனுமதி வேண்டும், ஆகவே விண்ணப்பம், மறுமொழி, வெட்டிய தொகை எல்லாம் வங்கிக் கோப்பில் சேர்ந்தன. 1938இல், யூதர்களான வார்பேர்க் குடும்பத்துக்கே வங்கி இல்லாமல் போனது.

சுண்டுக்குளி சட்டத்தரணி:
ஐயா சொன்ன அந்த முடக்கப்பட்ட கணக்கில்தான் டீச்சரின் மற்றக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. 1947 நவம்பரில் ஜேர்மனியில் அமெரிக்கர் ஆண்ட பகுதியில், பறித்த சொத்தைத் திருப்பிக் கொடுப்பிக்க 59ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1933 ஜனவரி 30க்கும் 1945 மே 8க்கும் இடையில் ஒரு யூதரின் வீடோ கடையோ கைமாறியிருந்தால் அது பறிப்பு என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள், நியாயமான விலை கொடுத்தேன் என்று காட்டவேண்டியவர் வாங்கியவர்தான். காட்டினாலும், விற்றவர் அந்தக் காசைத் தன் விருப்பத்துக்கு எடுக்க முடியாதபடி தடுக்கப்பட்டிருந்தால் அது போதாது. விற்பனை உறுதியில் 60,000 மார்க் என்று இருக்கிறது என வைத்துக்கொள்ளுங்கள். அது முடக்கப்பட்ட கணக்கில் விழுந்தது என்று வங்கிப் பேரேட்டில் ஒரு வரி இருந்தால் வழக்கே மாறிவிடும்.

கடதாசி இல்லாதவர்கள் பட்ட பாடு வேறு. சுவிஸ் வங்கிகளில் காசு போட்டுவிட்டு இறந்த யூதர்களின் வாரிசுகளிடம் மரணச் சான்றிதழ் கேட்டார்கள், வதைமுகாமில் செத்தவருக்கு யார் சான்றிதழ் எழுதுவது? 1997 ஜனவரியில் சூரிச்சில் ஒரு வங்கியில் கிறிஸ்ரோப் மைலி என்ற காவலாளி, அரைத்து அழிக்க வைத்திருந்த பழைய பேரேடுகளைக் கண்டு எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வருடம் சுவிஸ் வங்கிகள் வழக்குகளை முடிக்க 125 கோடி டொலர் கொடுக்க இணங்கின.

சோனகத்தெரு:
இதை வாசித்துவிட்டு இரவு நித்திரை வரவில்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களான எங்களைப் புலிகள் வெளியேறச் சொன்னபோது எனக்கு 11 வயது. வழியில் மறித்து உம்மாவின் காதுத்தோட்டைக் கழற்றி எடுத்தார்கள். ஒரு அடைவுத் துண்டை மட்டும் அவ சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தா, நான்காக மடித்தது, வியர்வையில் மை ஊறி இப்போது இலக்கமும் "காப்பு 2" என்பதும்தான் தெரிகிறது. புத்தளத்தில் அக்காவின் அலுமாரியில் இருக்கிறது. ஜேர்மனியில் 1938 ஏப்ரலில் 5,000 மார்க்குக்கு மேல் சொத்துள்ள யூதர்கள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது. பறிக்க எழுதுவித்த அந்தப் பட்டியல்தான் பிறகு பிள்ளைகளுக்குச் சாட்சியானது. எங்கள் வீட்டில் எடுத்ததற்கு ஒருவரும் ஒரு துண்டு எழுதித் தரவில்லை, டீச்சர்.

கொக்குவில் டீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. திங்கட்கிழமை அந்த 100 மார்க் கணக்கைக் கரும்பலகையில் போட்டே தொடங்கப் போகிறேன். சோனகத்தெரு சகோதரர், அக்காவுக்குச் சம்மதம் என்றால், இலக்கத்தை மறைத்து அந்தத் துண்டின் படம் ஒன்று அனுப்ப முடியுமா? பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும்.