பலகைத் தரைக்குத் தேங்காய் எண்ணெயா?

ஹட்டன்_மரப்பாஸ்:
நேற்று இங்கே ஒருவர் புத்தி சொல்லியிருந்தார்: "பலகைத் தரையை வெந்நீர் ஊற்றிக் கழுவி, தேங்காய் எண்ணெய் தேய்த்தால் பளபளப்பு போகவே போகாது." யார் வீட்டுத் தரையைக் கெடுக்க இந்த ஆசை? 24 பாகைக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையும். நுவரெலியாவில் போத்தலிலேயே கட்டியாக நிற்கிற சாமான், பலகையில் எப்படி ஊறும்? மேலே பிசுக்காக நிற்கும், தூசி ஒட்டும், அப்புறம் சிக்கு வாடை.

நானுஓயா_அக்கா:
அந்த ஒருவர் நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாமே. என் மாமியார் துரை பங்களாவில் வேலை பார்த்தவர். அங்கே தேங்காய் எண்ணெய்தான். பாஸ் உளி பிடிக்கும் முன்னமே அந்தத் தரையில் முகம் பார்க்கலாம்.

ஹட்டன்_மரப்பாஸ்:
பங்களாக்களில் போட்டது மெழுகு பொலிஷ். பூசிக் காயவிட்டு, பாதித் தேங்காய் மட்டையைக் காலால் மிதித்துத் தேய்ப்பார்கள். மாமி மட்டையைச் சொல்லியிருப்பார், மருமகள் காதில் எண்ணெய் என்று விழுந்திருக்கும்.

பண்டாரவளை_தம்பி:
ஒரு சந்தேகம். தரையில் இருப்பது வார்னிஷா, மெழுகா, வெறும் பலகையா? பொலியூரித்தேன் வார்னிஷ் பூசியிருந்தால் எண்ணெயும் ஊறாது, மெழுகும் ஊறாது. பிழிந்த துணியால் துடைத்தாலே போதும்.

நானுஓயா_அக்கா:
என் மாமியாருக்கு மட்டைக்கும் எண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாதா? கட்டியாகிறதாம்! அடுப்போரம் வைத்தால் உருகப்போகிறது. தலைக்கு நாங்கள் தேய்ப்பதில்லையா?

ஹட்டன்_மரப்பாஸ்:
தலையை வாரம் ஒருமுறை முழுகுகிறீர்கள். தரையை முழுகவைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் இடுக்கில் இறங்கி, பலகை ஊதி, ஓரம் இரண்டும் தூக்கிக்கொள்ளும். நான் இழைத்துச் சரிசெய்த தரைகளில் பாதி இப்படி வாளியால் கெட்டவைதான். முதலில் சப்பாத்து மண்ணைக் கூட்டுங்கள், அதுதான் பலகையைக் கீறுவது. பிறகு நன்றாகப் பிழிந்த துணி, ரேகை போகும் பக்கமாக. உடனே உலர்ந்த துணி. எண்ணெய்தான் வேண்டுமென்றால் லின்சீட் ஒயில் (ஆளி விதை எண்ணெய்) இருக்கிறது, அது காற்றுப்பட்டு இறுகும். தேங்காய் எண்ணெய் எத்தனை மாதமானாலும் இறுகாது. லின்சீட் துடைத்த துணியை மட்டும் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

கண்டி_ராஜா:
கண்டியில் எண்ணெய் அப்படிக் கட்டியாவதில்லையே. அப்போ நாங்கள் பூசலாமா பாஸ்?

ஹட்டன்_மரப்பாஸ்:
500 மீற்றர் உயரத்தில் இருந்துகொண்டு மலைநாட்டு விவாதத்துக்கு வருகிறீர்கள். மின்விசிறி போடுகிற ஊர்.

கண்டி_ராஜா:
ஹட்டன்காரர் நுவரெலியா எண்ணெய்க்கு வக்காலத்து வாங்கலாம், நாங்கள் கேள்வி கேட்கக் கூடாதா? முன்பு இங்கே நடந்த புகைக்கூண்டு சண்டையிலும் இப்படித்தான் ஊரைச் சொல்லி மட்டம் தட்டினீர்கள். மறக்கவில்லை.

ஹட்டன்_மரப்பாஸ்:
அந்தப் புகைக்கூண்டு விஷயத்திலும் நான் சொன்னதுதான் சரி.

பண்டாரவளை_தம்பி:
எங்கள் பக்கம் ஆடி மாத வரட்சியில் பலகைக்கு நடுவே ஐம்பது சதக் குற்றி நுழைகிற அளவு இடைவெளி விடும், மழைக்கு மூடிக்கொள்ளும். அதில் எதையும் அடைக்க வேண்டாம் என்பது என் எண்ணம். சரி, அக்கா வீட்டில் வார்னிஷா மெழுகா?

நானுஓயா_அக்கா:
தம்பி, குறுக்கே பேசாதே. பாஸ், எங்கள் வீட்டு ஹோலில் இன்றைக்கும் எண்ணெய் பூசினேன். பிசுக்கும் இல்லை, வாடையும் இல்லை. வந்து பாருங்கள், வழுக்கி விழாமல் நடந்தால் தேத்தண்ணி தருகிறேன்.

ஹட்டன்_மரப்பாஸ்:
வழுக்கும் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். கட்டியாகும் என்பதையும் எழுதிவிட்டால் நான் போய் வேலையைப் பார்ப்பேன்.

நானுஓயா_அக்கா:
வேலை இருக்கிறவர் காலையிலிருந்து இங்கே உட்கார்ந்திருக்க மாட்டார்.