மறு: ரிச், லீன் - தமிழ்ல என்ன சொல்லலாம்

வணக்கம் அண்ணே, மாடல் விமானத்துல போடுற, மெத்தனால் எரிபொருள்ல ஓடுற குட்டி க்ளோ எஞ்சினுக்கு சொல் தேடுறோமே, எரிபொருள் கூடின கலவை ரிச், எரிபொருள் கொறஞ்ச கலவை லீன், அதப்பத்தி நீங்க எழுதினதுக்குப் பதில் இது.

> கார்புரேட்டர் ரிச், லீனுக்கு செறிந்த கலவை, மெலிந்த கலவைன்னே வச்சுக்கலாமே தம்பி, ஏற்கெனவே இருக்கிற சொல்தானே

இதுல எனக்கு சங்கடம் இருக்குண்ணே. மெலிஞ்சதுன்னா சோர்ந்து போன எஞ்சின்னுதான் யாருக்கும் தோணும். ஆனா லீன்ல ஓடுற க்ளோ எஞ்சின் மொதல்ல சோராது, கிறீச்சுன்னு கத்தும், சூடேறும், அப்புறம்தான் தொய்ஞ்சு நிக்கும், அதுக்குள்ள பிஸ்டன் கீறிப்போயிருக்கும். போன மாசம் இங்க டர்பன் சாட்ஸ்வர்த்ல வீட்டுப் பின்னாடி புது எஞ்சின ஸ்டாண்டுல மாட்டி, எரிபொருள் வரத்த கூட்டிக் கொறைக்கிற ஊசிய அக்கா பையன்கிட்ட திருகக் குடுத்தேன். "மெலியுது பாரு"ன்னேன், அவன் பவர் பத்தலன்னு நெனச்சு இன்னும் மூடப் போனான், கைய புடிச்சு நிறுத்துனேன். அவன் மேல தப்பில்ல, சொல்லு மேலதான் தப்பு.

இந்த எஞ்சினுக்கு தனியா ஆயில் கெடையாதே, மெத்தனால்லயே கலந்துதான் வருது, பொதுவா நூத்துக்கு 18, 20 பங்கு, அதுல ஆமணக்கெண்ணெயும் இருக்கும். ஊசிய மூடினா எரிபொருள் மட்டுமா குறையுது, எண்ணெயும் குறையுது, ஆவியாகி உள்ள குளுமை குடுக்கிற மெத்தனாலும் குறையுது. அதனாலதான் வறண்டு ஓடுதுன்னு சொல்லணும்ங்கிறேன். வறள்கலவை. கேட்ட ஒடனே பயம் வரணும், ஊசிய திறக்கத் தோணணும்.

> அப்ப ரிச்சுக்கு நீங்க சொன்ன ஈரக்கலவை சரிவராது, மெத்தனால் காத்துலேர்ந்து தண்ணிய இழுக்குமே, ஈரம்னா அந்தக் கோளாறுன்னு நெனச்சுப்பாங்க

ஒத்துக்கிறேன்ணே. டர்பன் காத்துல கேன் மூடிய சரியா திருகாம விட்டா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும், அதுக்கு ஈரம்ங்கிற சொல் வேணும். ஈரக்கலவைய விட்டுடறேன். அதுக்கு பதிலா கொழுங்கலவை. எக்ஸாஸ்ட்ல கெட்டியா பொகை, இறக்கையெல்லாம் எண்ணெய் வழியும், கொழுத்து ஓடுதுன்னா கண்ணால பாக்கிறதயே சொல்றோம். ஜெர்மன்காரங்களும் ரிச்சுக்கு கொழுப்புங்கிற சொல்லத்தான் வச்சிருக்காங்க.

திறந்த, மூடிய கலவைன்னு இன்னொருத்தர் எழுதியிருந்தாரு, அது மட்டும் வேண்டவே வேண்டாம். சில கார்புரேட்டர்ல மெல்லோட்டத்துக்கு (ஐடில்) ஊசி இல்லாம காத்து விடுற திருகு இருக்கும், அத திறந்தா காத்து கூடி வறளும், எல்லாம் தலைகீழ்.

சொல்ல வச்சு வேலைய சொல்லிப் பாத்தேன், சரியா வருது. புது எஞ்சின மொத ஓட்டம் கொழுத்தே ஓட விடணும், ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் நாலு ஸ்ட்ரோக் மாதிரி பொடபொடன்னு சத்தம் போடும். அப்புறம் முழு த்ராட்டில்ல முழுவோட்ட ஊசிய கொஞ்சம் கொஞ்சமா மூடி, ஒவ்வொரு தடவையும் சில வினாடி பொறுத்து, சுத்து எண்ணுற டேக்கோமீட்டர்ல உச்சம் வந்ததும் 200, 300 சுத்து கொறையற வரைக்கும் கொழுக்க விடணும். விமானத்தோட மூக்க மேல தூக்கிப் புடிக்கும்போது எஞ்சின் தொய்ஞ்சா இன்னும் வறட்சின்னு அர்த்தம். மெல்லோட்டத்துல எரிபொருள் குழாய கிள்ளிப் பாருங்க, ஒடனே அணைஞ்சா வறள், சுத்து ஏறி அப்புறம் அணைஞ்சா கொழு.

உயரத்துக்கும் இதே சொல்தான். உங்க ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர், இங்க டர்பன் கடல் மட்டம், உங்க ஊர்ல காத்து அடர்த்தி கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கு கம்மி. இங்க சரியா வச்ச எஞ்சின் அங்க வந்தா கொழுக்கும், அத அங்க வறளவச்சு சரிபண்ணி அப்படியே கீழ கொண்டுவந்தா காஞ்சுபோகும். டிசம்பர் லீவுல உங்க ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியாவுல ஓட்டிட்டு வந்து ஊசிய தொடாம இங்க பறக்கவிட்டேன், மேல போனதும் சத்தம் மெல்லிசா மாறுச்சு, எறங்கறதுக்குள்ள பிஸ்டன் போயிடுச்சு, இன்னும் மனசு ஆறல.

அண்ணே, உங்க பக்கம் தமிழ் வகுப்புக்கு வர்ற பசங்ககிட்ட இந்த ரெண்டு சொல்லையும் மட்டும் சொல்லி, வெளக்கம் ஒண்ணும் குடுக்காம, "வறண்டு ஓடுது"ன்னா எந்தப் பக்கம் திருகுறாங்கன்னு பாத்து எழுதுங்க. ஒருத்தன் மூடினாலும் வேற சொல் தேடுவோம்.