பருத்தி வட்டவட்டமாகக் காயுது: வேரழுகலா, வாடலா?

கரிசல்_வடகரைப்பதி:
பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கரிசல் மண்ணுங்க. பிடி (Bt, காய்ப்புழு தாக்காம மரபணு மாத்தின) பருத்தி, 45 நாள் பயிர். நேத்து நல்லா நின்ன செடி இன்னைக்குத் துவண்டு தொங்குது, வட்டம் பெருசாகிட்டே போகுது. அமெரிக்காவில் பரவுற ரேஸ் 4 வாடல்னு வீடியோவில் சொல்றாங்க. அங்கே எதிர்ப்பு ரகம் இருக்காம். அந்த விதையைத் தருவிக்கலாமா?

பூசணவியல்_கோவை:
வீடியோவை விட்டுட்டு ஒரு செடியைப் பிடுங்குங்க. லேசா இழுத்ததும் கையோட வந்து, ஆணிவேர்ப் பட்டை நார்நாராக் கிழிஞ்சு, வேர் மஞ்சளாப் பிசுபிசுத்தா வேரழுகல், மேக்ரோஃபோமினா பூசணம். செடி சுலபத்தில் வராம, தண்டைக் குறுக்கே வெட்டினா பழுப்பு வளையம் தெரிஞ்சா பியூசேரியம்ங்கிற இன்னொரு பூசணத்தால் வர்ற வாடல். ஆனா வாடல் இலை மஞ்சளாகி மெதுவாத்தான் கொல்லும். நீங்க சொல்ற வேகத்துக்கு வேரழுகல்தான்.

ரேஸ் 4 பியூசேரியத்தில் ஓர் இனம். முதல்ல அடையாளம் கண்டதே இந்திய நாட்டுப் பருத்தியில். கலிபோர்னியாவில் 2001லயும் டெக்சஸில் 2017லயும் தெரியவந்தது. அங்கே அதிகம் அடிவாங்குறது பீமாங்கிற நீள இழைப் பருத்தி. ஆஸ்திரேலியாவில் 1993ல் கண்ட பியூசேரியம் இன்னொரு வகை. ஒரு நாட்டு எதிர்ப்பு ரகம் அடுத்த நாட்டில் தாங்கணும்னு இல்லை. மேக்ரோஃபோமினாவுக்கு அது உதவவே உதவாது. வெளிநாட்டு விதையைத் தனியாளாத் தருவிக்கவும் கூடாது. ஆராய்ச்சிக்கான விதையே டெல்லி தாவர மரபுவளப் பணியகத்தில் தனிமைச் சோதனை முடிஞ்சுதான் உள்ளே வரும். நம்ம பூசணத்தை ஒப்பிட்டுப் பார்க்க வெளிநாட்டுக்கு அனுப்பவும் தேசியப் பல்லுயிர் ஆணைய அனுமதி வேணும். கூட்டு ஆய்வு மெதுவா நகர இதுவும் ஒரு காரணம்.

உழவன்_வேலந்தாவளம்:
வேரழுகல்னா கார்பெண்டசிம்ங்கிற பூசண மருந்தை லிட்டர் தண்ணிக்கு 1 கிராம் கலந்து, காய்ஞ்ச செடி இருந்த இடத்திலும் சுத்தியுள்ள நல்ல செடிகளுக்கும் வேர் நனைய ஊத்துங்க. தொங்கின செடி பிழைக்காது, பிடுங்கி எரிச்சிடுங்க. சூடும் வறட்சியும் சேர்ந்தாத்தான் இந்தப் பூசணத்துக்குக் கொண்டாட்டம். மண்ணைக் காய விடாதீங்க.

அடுத்த போகத்துக்குக் கடைசி உழவில் ஏக்கருக்கு 60 கிலோ வேப்பம்புண்ணாக்கு. கூடவே நோய்ப் பூசணத்தை அடக்குற நல்ல பூசணமான ட்ரைக்கோடெர்மாவை 1 கிலோ 20 கிலோ மக்கின தொழுவுரத்தில் கலந்து, ஈரமண்ணில் தூவுங்க. பிடி விதை மருந்து பூசியே வருது, அதன் மேல் ட்ரைக்கோடெர்மா பூசுறது வீண்.

கரிசல்_வடகரைப்பதி:
வேர் மஞ்சள், பட்டை கிழியுது. கார்பெண்டசிம், ட்ரைக்கோடெர்மா ரெண்டையும் ஒண்ணாக் கலந்து ஊத்தலாமா? அடுத்து சோளம் போட்டா சரியாகுமாங்க?

பூசணவியல்_கோவை:
கலக்காதீங்க, கார்பெண்டசிம் ட்ரைக்கோடெர்மாவையும் கொன்னுடும். 15 நாள் இடைவெளி விடுங்க. சோளத்திலும் எள்ளிலும் நிலக்கடலையிலும் இதே பூசணம் வரும். தண்ணி வசதி இருந்தா ஒரு போகம் நெல் நட்டு நீர் கட்டுங்க, மண்ணில் கிடக்கும் பூசணத்தோட கருப்பு வித்துகள் குறையும். பிரிவினைக்கு முன்னாடியே லயல்பூரில் (இப்போ பாகிஸ்தானின் பைசலாபாத்) பருத்திக்கு இடையே நரிப்பயறு விதைச்சு மண் சூட்டைத் தணிச்சு வேரழுகலைக் குறைச்சிருக்காங்க.

ஆஸ்திரேலியாக்காரங்ககிட்ட எடுத்துக்க வேண்டியது ஒண்ணு உண்டு: வயல் மாறும்போது வண்டியில் ஒட்டின மண்ணைக் கழுவுறது. வாடகை ரோட்டாவேட்டர் பொள்ளாச்சியிலிருந்து வந்தாலும் சரி, வரப்புக்கு வெளியே கழுவிட்டு இறக்கச் சொல்லுங்க.

சந்தேகம் தீரலைன்னா வேரோட ரெண்டு செடியைக் காகிதப் பையில் வச்சு, கோவை மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் காட்டுங்க. பாலித்தீன் பையில் வேணாம், வழியிலேயே அழுகிடும்.