மெக்கானிக்கல் பட்டம் முடிஞ்சுது: திருகோணமலையிலயே வேலை தேடலாமா, கொழும்புக்குப் போகத்தான் வேணுமா?

நிலாவெளித்_தம்பி கேட்டது:

வணக்கம். மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முடிச்சு நாலு மாசம். செக்கண்ட் லோவர் (இரண்டாம் வகுப்பு, கீழ்ப்பிரிவு). நைட்டா (தேசிய தொழிற் பயிற்சி அதிகாரசபை) ரெயினிங் இரண்டு தடவையும் கொழும்புப் பக்கம்தான் செய்தது. வீட்டில அம்மா தனிய, அதால ஏலுமான வரைக்கும் ஊருக்குள்ள வேலை பார்க்க விருப்பம். முப்பது இடத்துக்கு மேல சீவி (CV, தன்விபரக் கோவை) அனுப்பியாச்சு, ஒரு இடத்திலயும் பதில் இல்லை.

திருகோணமலையில மெக்கானிக்கல் ஆளுக்கு உண்மையில எங்க வேலை இருக்கு? சீவியில என்ன பிழை விடுறம்? இன்டர்வியூவில என்ன கேப்பினம்? அரசாங்க வேலைக்குக் காத்திருக்கிறது புத்தியா? தெரிஞ்சவை விபரமாச் சொல்லுங்கோ.

சீனக்குடா_மெக் எழுதியது:

தம்பி, முதல்ல ஊரைப் பாருங்கோ. துறைமுகத்தைச் சுத்தித்தான் எங்கட தொழிற்சாலை எல்லாம். பிரீமா மா ஆலை, டோக்கியோ சீமெந்து, சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள், துறைமுக அதிகாரசபை. அந்தத் தாங்கிகள் 99. 2022 ஜனவரி ஒப்பந்தத்தில 61 தாங்கியை இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் லங்கா ஐஓசியும் (இந்தியன் ஒயிலின்ர இலங்கைத் துணைக் கம்பனி) சேர்ந்த கம்பனிக்கும், 24ஐக் கூட்டுத்தாபனத்துக்கும், 14ஐ ஐஓசிக்கும் பிரிச்சவை. பழைய தாங்கியைத் திருத்தி எடுக்கிறதெண்டால் தகடு வெட்டு, வெல்டிங், குழாய், பம்பு, பெயின்ற் எல்லாம் வரும். சம்பூர்ப் பக்கம் சூரிய மின் திட்டம். இதுக்கு வெளியில உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களின்ர ஏசி, பம்பு, ஜெனரேற்றர் வேலை. கந்தளாய், தம்பலகாமம் பக்கம் அரிசி ஆலைகள்.

இந்தப் பெரிய இடங்களில எஞ்சினியர் இடம் கொஞ்சம். வேலையில பெரும் பங்கைச் செய்யிறது உள்ள வந்து போற கொந்திராத்துக் கம்பனிகள். சீவியை ஆலையின்ர எச்.ஆர். ஈமெயிலுக்கு மட்டும் அனுப்பினால் அங்கயே கிடக்கும். ஆலையை வருசத்துக்கு ஒருக்கா நிப்பாட்டித் திருத்துற ஷட்டவுன் நேரத்தில கொந்திராத்துக்காரருக்கு ஆள் அவசரமாத் தேவைப்படும். ஆலையில வேலை செய்யிற போர்மன்மாரிட்ட "அடுத்த ஷட்டவுன் எப்ப, ஆர் எடுத்திருக்கினம்" எண்டு கேளுங்கோ. ஒரு மாசத்துக்கு முன்னமே அந்தக் கொந்திராத்துக்காரரை நேரில போய்ச் சந்தியுங்கோ. கையில ஒரு பக்கச் சீவி, அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகர் சான்றிதழ், பொலிஸ் ரிப்போட் இருக்கட்டும். உள்ள போக கேற் பாஸ் எடுக்கிறதுக்கு இதுகள்தான் கேப்பினம். பொலிஸ் ரிப்போட் கைக்கு வர நாள் எடுக்கும், இப்பவே போட்டு வையுங்கோ.

சீவியில எல்லாரும் விடுற பிழை, அளவு இல்லாமல் எழுதிறது. "நெல் ஏத்துற கொன்வேயர் ஒண்டு வடிவமைத்தேன்" எண்டால் வாசிக்கிறவருக்கு ஒண்டும் விளங்காது. "மணித்தியாலத்துக்கு 20 தொன் நெல், 12 மீற்றர் நீளம், 3 மீற்றர் உயரம், 400 மி.மீ. பெல்ட், 1.5 கிலோவாற் மோட்டர், பெல்ட் இழுவையும் கியர் விகிதமும் நான் கணக்கிட்டது" எண்டு எழுதினால் அடுத்த கேள்வி அதிலயிருந்துதான் வரும், அதுக்கு உங்களிட்ட பதிலும் இருக்கும். ரெயினிங் எழுதேக்கையும் எந்த மெசின், என்ன பழுது, நீங்கள் செய்தது என்ன எண்டு மூண்டு வரி போதும். தலைமைத்துவம், குழுவேலை எண்டு அரைப் பக்கம் நிரப்பாதேங்கோ.

இன்டர்வியூவில மெய்ன்டனன்ஸ் எஞ்சினியர் இருந்தால் பெரும்பாலும் பம்பில வந்து நிப்பார். "இந்தப் பம்பின்ர மெக்கானிக்கல் சீல் இரண்டு மாசத்துக்கு ஒருக்கா ஒழுகுது, என்ன செய்வாய்?" சீல் எண்டது சுத்துற தண்டுப் பக்கத்தால ஒழுகாமல் தடுக்கிற பகுதி. அதை மாத்துவன் எண்டு மட்டும் சொன்னால் கதை அதோட முடியும். அவருக்குத் தெரிய வேண்டியது நீங்கள் காரணத்தைத் தேடுற ஆளா எண்டுதான். ஒழுங்கு இப்படி: முதல்ல சொஃப்ட் ஃபுட், அதாவது மோட்டரின்ர ஒரு கால் அடித்தளத்தில சரியாப் படியாமல் இருக்கிறது. மோட்டர் கால் போல்ட்டை ஒவ்வொண்டாத் தளர்த்தி டயல் கேஜில பாருங்கோ. 0.05 மி.மீ.க்கு மேல எழும்பினால் அந்தக் காலுக்குக் கீழ ஷிம் (மெல்லிய தகடு) வேணும். பிறகு கப்ளிங் (மோட்டர்த் தண்டையும் பம்புத் தண்டையும் இணைக்கிறது) நேர்ப்படுத்தல். டயல் கேஜைக் கப்ளிங் விளிம்பில வைச்சு ஒரு முழுச் சுத்துச் சுத்த 0.10 காட்டினால் உண்மையான விலகல் அதில பாதி, 0.05தான். இந்தப் பாதிக் கணக்கில தடக்குப்படுற ஆக்கள்தான் கூட. அடுத்தது, குழாய் பம்பை இழுக்குதா எண்டு பிளாஞ் (குழாயும் பம்பும் சேர்ற விளிம்பு) போல்ட்டைக் கழட்டிப் பார்க்கிறது. போல்ட் ஓட்டை விலகினால் குழாய்க்குத் தாங்கு சரியில்லை. கடைசியா உறிஞ்சு பக்கம். பம்புக்குள்ள சரளைக்கல் உருளுற மாதிரிச் சத்தம் கேட்டால் கவிற்றேஷன், அதாவது அமுக்கம் குறைஞ்சு ஆவிக் குமிழி உண்டாகி உடையிறது. ஸ்ட்ரெயினர் (வடி) அடைச்சிருக்கும், இல்லாட்டி வால்வு பாதிதான் திறந்திருக்கும்.

இதை ஒரு தாளில பம்பைக் கீறிக் காட்டிச் சொல்லப் பழகுங்கோ.

மூதூர்_அக்கா எழுதியது:

மேலே சொன்னவரோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால் எல்லோரும் விட்டுவிடுகிற ஒன்று இருக்கிறது: உங்கள் வேலைக்கு யார் கையெழுத்துப் போடுவார் என்பது.

2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க இலங்கைப் பொறியியல் பேரவைச் சட்டத்தின்படி, பொறியியலாளராகத் தொழில் செய்யப் பேரவையில் பதிவு வேண்டும். இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் ஏற்றுக்கொண்ட பட்டம் என்றால், முதலில் அங்கே இணை அங்கத்துவம் எடுங்கள். பட்டம் கிடைத்த கையோடு இதைச் செய்யுங்கள், பிற்போட வேண்டாம். நிறுவகம் 2014 முதல் வாஷிங்டன் உடன்படிக்கையில் (பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் உடன்படிக்கை) கையொப்பமிட்ட உறுப்பு. அதனால் வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட பட்டம் கைகொடுக்கும். உங்கள் பட்டம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பட்டயப் பொறியியலாளர் (Chartered Engineer) தகுதிக்கான மீளாய்வுக்குப் போகும்போது முதல் சில வருட வேலையை ஆதாரத்தோடு காட்ட வேண்டியிருக்கும். நினைவிலிருந்து எழுதினால் அது வெறும் கதையாகத்தான் இருக்கும். ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அரைப் பக்கம் போதும்: திகதி, இயந்திரம், பிரச்சினை, நீங்கள் எடுத்த முடிவு, ஏன் அதை எடுத்தீர்கள், செலவு அல்லது மிச்சமான நேரம். "பெயாரிங் மாற்றினோம்" என்று எழுதாதீர்கள். "6308 பெயாரிங், உள்விட்டம் 40 மி.மீ., சுத்தியலால் அடிக்காமல் 110 பாகைக்குச் சூடாக்கிப் போட்டது, கழற்றியதில் வெளிவளையத்தில் ஒரு பக்கம் மட்டும் தேய்வு" என்று எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்குங்கள். அவர் பட்டயப் பொறியியலாளராக இருந்தால் மிக நல்லது. இப்படி ஒருவர் இல்லாத இடத்தில் ஐயாயிரம் ரூபா கூடுதலாகத் தருகிறார்கள் என்றாலும், இருக்கிற இடத்தையே எடுங்கள்.

அரசாங்க வேலைக்கு விண்ணப்பியுங்கள், அதற்காகச் சும்மா காத்திருக்க வேண்டாம். இலங்கைப் பொறியியல் சேவைக்குப் போட்டிப் பரீட்சை, அறிவித்தல் வர்த்தமானியில் வரும். வெள்ளிக்கிழமை வர்த்தமானியின் பகுதி I, தொகுதி (IIஅ) தமிழிலும் இணையத்தில் கிடைக்கும், வாரம் ஐந்து நிமிடம் போதும். நீர்வழங்கல் சபை, துறைமுக அதிகாரசபை போன்றவை தனித்தனியாக விளம்பரம் போடும், அதற்கு ஞாயிறு பத்திரிகைகளைப் பாருங்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் சின்னக் காரணத்துக்காக: கடித உறையின் இடது மூலையில் பதவிப் பெயர் இல்லை, கையெழுத்து அத்தாட்சிப்படுத்தப்படவில்லை, முடிவுத் திகதிக்குப் பிறகு தபால் போய்ச் சேர்ந்தது. முடிவுத் திகதிக்குப் பத்து நாள் முன்பே பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

அரச நியமனம் கிடைத்தால் இரண்டாம் மொழித் தேர்ச்சியும் கேட்பார்கள். சிங்களம் இப்போதே தொடங்குங்கள். ஆலைத் தளத்திலும் பாதிப் பேச்சு அதில்தான்.

கன்னியா_மின் எழுதியது:

மெக்கானிக்கல் ஆட்கள் மின்சாரத்தைக் கண்டால் ஒதுங்குறது வழக்கம். எங்கட ஊரில அது கட்டாது. சின்ன ஆலையில இரண்டையும் ஒரே ஆளிட்டத்தான் குடுப்பினம். இது ஒண்டாவது தெரிஞ்சிருக்க வேணும்:

7.5 கிலோவாற், 400 வோல்ட் மோட்டர் முழுச் சுமையில கிட்டத்தட்ட 15 அம்பியர் எடுக்கும். ஸ்டார்-டெல்ரா ஸ்ரார்ற்றரில (மோட்டரைக் குறைஞ்ச மின்னோட்டத்தில தொடக்கிறது) ஓவர்லோட் ரிலே (சுமை கூடினால் மின்னை வெட்டுறது) மோட்டர்ச் சுருளுக்குப் போற பக்கத்தில பொருத்தியிருந்தால் 15இன் 0.58 பங்கு, 8.7 அம்பியரிலதான் வைக்க வேணும். 15இல வைச்சால் மோட்டர் கருகிற வரைக்கும் ரிலே விழாது. ரிலே வரவு லைனில இருந்தால் 15 சரி. "ரிலே எங்க பொருத்தியிருக்கு?" எண்டு முதல்ல கேட்டுட்டு விடை சொல்லுங்கோ. அந்தக் கேள்விக்கே பாதிப் புள்ளி.

ரிலே விழுந்து மோட்டர் திரும்பத் திரும்ப நிண்டால் உடன ரிலேயின்ர அளவைக் கூட்டாதேங்கோ. கிளாம்ப் மீற்றரால மூண்டு லைனிலயும் அம்பியர் பாருங்கோ. ஒரு லைன் கிட்டத்தட்டப் பூச்சியம் எண்டால் பியூஸ் போயிருக்கும், இல்லாட்டி கொன்ராக்டர் (மோட்டருக்கு மின்னைப் போட்டு எடுக்கிற சுவிட்ச்) முனை கருகியிருக்கும். மூண்டும் ஒரே அளவாக் கூட எண்டால் சுமை: பெல்ட் அளவுக்கு மீறி இறுக்கம், பெயாரிங் இறுக்கம், இல்லாட்டி கொன்வேயரில பொருள் அடைச்சிருக்கு.

இன்னொண்டு, எங்கட கடல் காத்து. வெளியில நிக்கிற மோட்டரின்ர ரெர்மினல் பெட்டிக்குள்ள உப்பும் ஈரமும் போகும். மார்கழி மழைக்குப் பிறகு மெகர் (மின்காப்பை அளக்கிற மீற்றர்) பிடிச்சால் குறைவாக் காட்டும். 500 வோல்ட் மெகரில 1 மெகா ஓமுக்குக் கீழ எண்டால் ஓட்டாதேங்கோ, காய வைக்க வேணும். கேபிள் கிளான்ட் (கேபிள் பெட்டிக்குள்ள போற இடத்தில இறுக்கிற மூடி) மேல் பக்கம் இருந்தால் மழைத்தண்ணி அதுக்குள்ளாலதான் இறங்கும், கீழ்ப் பக்கம் மாத்துங்கோ. சம்பூர்ப் பக்கம் சூரிய மின் வேலைக்குப் போறவைக்கும் இந்த உப்புத்தான் பெரிய தலையிடி, கனெக்டரும் சட்டப் போல்ட்டும் முதல்ல போகும்.

நிலாவெளித்_தம்பி எழுதியது:

அண்ணாமார், அக்கா, மிச்சம் நன்றி. சீவியைத் திரும்ப எழுதத் தொடங்கிட்டன். இன்னொரு கேள்வி. ஒரு கொந்திராத்துக் கம்பனி கூப்பிட்டிருக்கு. கடிதத்தில "ரெயினி, இரண்டு வருசம் விட்டுப் போகேலாது, ஒரிஜினல் பட்டச் சான்றிதழ் ஒப்படைக்க வேணும்" எண்டு இருக்கு. கையெழுத்துப் போடலாமா? வேலை எண்ணெய்த் தாங்கிக்குள்ள வெல்டிங் மேற்பார்வை.

மூதூர்_அக்கா எழுதியது:

ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள் தம்பி, எந்தக் கம்பனி கேட்டாலும். அத்தாட்சிப்படுத்திய பிரதி கொடுங்கள், ஒரிஜினலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள். இரண்டு வருட நிபந்தனைக்கு ஈடாக அவர்கள் என்ன தருகிறார்கள் என்று கேளுங்கள். வெல்டிங் பரிசோதனைப் பாடநெறி போன்ற செலவுள்ள பயிற்சி தருகிறார்கள் என்றால், விட்டுப் போனால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று தொகை எழுதியிருக்க வேண்டும், மாதாமாதம் அது குறைய வேண்டும். ஒன்றும் தராமல் கட்டிவைப்பது நியாயமில்லை, அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். ஊழியர் சேமலாப நிதி கடிதத்தில் இருக்கிறதா பாருங்கள்: உங்கள் பங்கு 8 வீதம், அவர்கள் பங்கு 12 வீதம், அதற்கு மேல் நம்பிக்கை நிதி 3 வீதம். "ரெயினி என்பதால் இல்லை" என்பார்கள், அதை ஏற்க வேண்டாம்.

சீனக்குடா_மெக் எழுதியது:

தாங்கி வேலை எண்டால் இன்னொண்டு. உள்ள இறங்க முதல் அனுமதிப் பத்திரம், வாயுச் சோதனை, வெளியில காவலுக்கு ஒரு ஆள், காத்தோட்டம் எல்லாம் இருக்குதா எண்டு இன்டர்வியூவிலயே கேளுங்கோ. ஒட்சிசன் 19.5 வீதத்துக்கும் 23.5 வீதத்துக்கும் இடையில இருக்க வேணும், எரிவாயு அளவும் தனியப் பார்க்க வேணும். வாசலில மட்டும் மீற்றர் பிடிச்சுப் பத்தாது. எண்ணெய் ஆவி காத்தை விடப் பாரம், அடியில படுத்துக் கிடக்கும். அதால குழாய் போட்டு மேல, நடு, அடி மூண்டு உயரத்திலயும் அளக்க வேணும். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு திரும்ப இறங்கேக்கையும் புதுசா அளக்க வேணும், காலமை எடுத்த அளவு செல்லாது. மேற்பார்வை எண்டால் அந்தப் பத்திரத்தில உங்கட கையெழுத்தும் வரும். மீற்றர் இல்லை, "அனுபவசாலிகள் இருக்கினம், பயமில்லை" எண்டு சொன்னால் அந்த வேலையை விடுங்கோ, அடுத்த ஷட்டவுன் வரும்.