கூடையை நிரப்பிவிட்டுக் காணாமல் போனவர்கள்: உங்கள் கடையில் நடந்ததைச் சொல்லுங்கோ

புழுக்கொடியல்

இணையக் கடைக்காரர் மன்றத்துக்கு வணக்கம், புழுக்கொடியல் என்பது என் புனைபெயர். மிளகாய்த்தூள், ஒடியல்மா, பனங்கட்டி, மோர்மிளகாய் விற்கிற சின்ன இணையக் கடை என்னுடையது. யாழ்ப்பாணம் கொக்குவிலில் வீட்டின் பின்விறாந்தைதான் களஞ்சியம். ஆட்கள் வருகிறார்கள், கூடையை நிரப்புகிறார்கள், காசு கட்டுகிற பக்கத்துக்கு வந்ததும் ஆளைக் காணோம். இது இங்கே எல்லோருக்கும் தெரிந்த நோய்தான். நான் எழுத வந்தது ஒரே ஒரு ஆளைப் பற்றி.

ஒரு சனிக்கிழமை காலை, படலையடியில் குடையோடு ஒரு அம்மா. அறுபது வயது இருக்கும். கையில் போன். "தம்பி, இதிலை இருக்கிறதைத் தாங்கோ" என்று நீட்டினார். பார்த்தால் என்னுடைய கடையின் கூடைப் பக்கம். மிளகாய்த்தூள் ஒரு கிலோ, ஒடியல்மா அரைக் கிலோ, பனங்கட்டி இரண்டு குட்டான். சுன்னாகத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்த விலாசத்தைப் பிடித்துக்கொண்டு, வழியில் நாலு பேரைக் கேட்டு வந்தாராம்.

"அம்மா, கடைசிப் பட்டனை அமத்தியிருந்தால் வீட்டுக்கே வந்திருக்குமே?"

"அமத்தினனான் தம்பி. பாஸ்வேர்ட் கேட்டது. எட்டு எழுத்து வேணுமாம், அதிலை ஒண்டு பெரிய எழுத்தாம். தமிழிலை ஏது பெரிய எழுத்து? சாமான் வாங்க வந்த ஆளிட்டை எந்தக் கடைக்காரன் இதெல்லாம் கேக்கிறவன்?"

காசை எண்ணித் தந்துவிட்டுத் தேத்தண்ணியும் வேண்டாம் என்று போய்விட்டார். அந்தப் பாஸ்வேர்ட் பெட்டி பதினான்கு மாதம் அங்கே கிடந்தது. அதை நான் ஒருநாளும் நிரப்பிப் பார்த்ததில்லை, முதலாளிக்கு எதற்கு என்று. இப்போது இரவில் கூடைக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குடைதான் நினைவுக்கு வருகிறது. அவருக்குப் பஸ் இருந்தது. கண்டியில், மட்டக்களப்பில் இருந்து பார்த்தவர் எதில் ஏறி வருவார்?

குரும்பட்டி

எனக்கு நடந்தது வாங்கி முடித்த பிறகு. ஆனாலும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் இங்கே இருக்கிற தாய் தகப்பனுக்குப் பிறந்தநாள் கேக், பூ, பழக்கூடை அனுப்புகிற வேலை எங்களுடையது. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு தங்கச்சி மூன்று முறை வாங்கினார். நான்காம் முறை அம்மாவின் எழுபதாவது பிறந்தநாள், பெரிய ஓடர். நானே கொண்டுபோனேன். பெட்டியைத் திறந்த அம்மா முதலில் எடுத்தது கேக்கை அல்ல, உள்ளே கிடந்த பில்லை. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வரிவரியாக வாசித்தார். பிறகு என் முன்னாலேயே மகளுக்கு வட்ஸ்அப்பில் அழைப்பு. "உனக்கு விசரே? இந்தக் காசுக்கு நான் ரெண்டு மாசம் சாப்பிடுவன்." அங்கே விடியக்காலை. அந்தப் பக்கம் மகள் அழுகிறார், இந்தப் பக்கம் நான் மெழுகுதிரியும் கையுமாக நிற்கிறேன்.

அதற்குப் பிறகு அந்தத் தங்கச்சி வரவேயில்லை. தளத்தைப் பார்க்கிறார், அது தெரிகிறது. வாங்குகிறதில்லை. 'விலைச்சீட்டு வைக்க வேண்டாம்' என்று ஒரு கட்டம் போட்டிருந்தால் போதும். இப்போது போட்டிருக்கிறேன், ஆள் போன பிறகு.

கிடுகுவேலி

நான் கடைகளுக்குத் தளம் செய்து கொடுக்கிறவன். ஒரு புடவைக் கடை முதலாளி, தளம் திறந்த அன்று இரவு பதினொரு மணிக்கு அழைத்து "தம்பி, 212 பேர் வந்திருக்கினம், ஒருத்தரும் வாங்கேல்லை. கதவை ஏதும் பூட்டி வச்சிருக்கிறியோ?" என்று கேட்டார். உண்மையில் பூட்டித்தான் இருந்தது. காசு வாங்குகிற சேவையைப் பரிசோதனை நிலையிலிருந்து மாற்ற மறந்துவிட்டேன். சரி, அதை விடுங்கோ.

புழுக்கொடியல் அண்ணை, உங்கள் கதை புதிதல்ல. அமெரிக்காவில் ஜாரெட் ஸ்பூல் என்பவர் 2009இல் எழுதிய ஒரு பெரிய கடையின் கதை இதேதான். அங்கே 'பதிவு செய்க' என்ற பட்டனை எடுத்துவிட்டு 'தொடர்க' என்று போட்டு, கணக்குத் திறக்கத் தேவையில்லை என்று ஒரு வரியும் எழுதினார்கள். வாங்கினவர்கள் 45 சதவீதம் கூடினார்கள், முதல் வருடத்தில் 300 மில்லியன் டொலர் அதிக விற்பனை. அதற்கு முன் அந்தக் கடையில் பாஸ்வேர்ட் மறந்துபோச்சு என்று கேட்டவர்கள் நாளுக்கு 160,000 பேர். அவர்களில் 75 சதவீதம் பேர் அதற்குப் பிறகு அந்தச் சாமானை வாங்கி முடிக்கவே முயலவில்லை.

இன்னொன்று, அனுப்புகிற செலவை முதலிலேயே காட்டுங்கோ. பேமார்ட் என்ற ஆய்வு நிறுவனம் பல வருடமாக இதைக் கணக்கெடுக்கிறது. கூடையை விட்டுப் போகிறவர்கள் சராசரி 70 சதவீதம். சும்மா பார்க்க வந்தவர்களைக் கழித்துவிட்டால், போகிறவர்கள் சொல்லும் முதல் காரணம் கடைசியில் ஏறுகிற செலவு. பக்கம் திறக்கிற வேகத்தையும் பாருங்கோ. மூன்று செக்கனுக்கு மேல் போனால் கைபேசியில் வந்தவர்களில் 53 சதவீதம் பேர் போய்விடுகிறார்கள் என்று கூகுள் 2016இல் சொன்னது. உங்கள் மிளகாய்த்தூள் படம் ஒவ்வொன்றும் 4 மெகாபைட் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். தெரிவுகளையும் குறையுங்கோ. ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000இல் வெளியிட்ட ஜாம் ஆய்வில் 24 வகை வைத்தபோது சுவை பார்க்க நின்றவர்களில் 3 சதவீதம்தான் வாங்கினார்கள், 6 வகை வைத்தபோது 30 சதவீதம். நீங்கள் ஒன்பது வகைத் தூள் வைத்திருக்கிறீர்கள். கடைசியாக, 'இந்த விலை இன்னும் இரண்டு மணித்தியாலம்தான்' என்று ஓடுகிற மணிக்கூடு ஒன்று போடுங்கோ. யோசித்துக்கொண்டு நிற்கிறவர் யோசிக்காமல் வாங்குவார்.

பூவரசு

பூட்டின கதவை ஒரு வரியில் தாண்டிவிட்டு ஜாமுக்கு இத்தனை வரி எழுதின கிடுகுவேலிக்கு வணக்கம்.

அந்த ஜாம் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். 2010இல் அதே மாதிரியான ஐம்பது பரிசோதனைகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள், சராசரி விளைவு ஏறத்தாழ பூச்சியம். சில இடத்தில் தெரிவு கூடினால் வாங்குகிறார்கள், சில இடத்தில் குறைந்தால் வாங்குகிறார்கள். மீன்குழம்புத் தூளையும் சரக்குத் தூளையும் ஒன்றாக்கச் சொன்னால் எங்கள் வீட்டில் அடிதான் விழும்.

ஒரே பக்கத்தை இரண்டு விதமாகச் செய்து, பாதிப் பேருக்கு ஒன்றும் மீதிப் பேருக்கு மற்றதும் காட்டிச் சோதிக்கிற கதையும் அப்படித்தான். நூறில் இரண்டு பேர் வாங்குவது மூன்று பேராகியிருக்கிறதா என்று நம்பிச் சொல்ல ஒவ்வொரு பக்கத்துக்கும் 3,800 பேரளவில் வேண்டும். எனக்கு நாளுக்கு 60 பேர். பட்டனின் நிறத்தைச் சோதிக்கவே நாலு மாதம் போய்விடும்.

என் கதை இது. போன வருடம் ஒருவர் சொன்னார் என்று எல்லாவற்றையும் லேசாக்கினேன். பாஸ்வேர்ட் இல்லை, கார்ட் இல்லை, பெயரும் போன் நம்பரும் போட்டால் சரி, சாமான் கைக்கு வந்த பிறகு காசு. ஓடர் குவிந்தது. வீட்டில் பாயாசம் காய்ச்சினோம், பொய் இல்லை. பத்தாம் நாள் கூரியர்ப் பொடியன் அக்கரைப்பற்றிலிருந்து போன் எடுக்கிறான்: "அண்ணை, இந்த வீட்டிலை ஒருத்தரும் ஓடர் போடேல்லையாம். பிள்ளை போனிலை விளையாடேக்கை அமத்தினதாம்." பின்னால் ஒரு சின்னப் பிள்ளை "நான் பொம்மை எண்டு நினைச்சன்" என்று சொல்வது கேட்டது. படத்தில் இருந்தது பனையோலைப் பெட்டி. என்ன பொம்மையைக் கண்டதோ.

அந்த மாதம் பத்துப் பார்சலில் நாலு திரும்பி வந்தது. போகிற காசும் என் தலையில், வருகிற காசும் என் தலையில். இப்போது ஒவ்வொரு ஓடருக்கும் நானே அழைத்து, குரலைக் கேட்ட பிறகுதான் பார்சல் கட்டுகிறேன். கிடுகுவேலி, உங்கள் சதவீதத்தில் இந்தப் பிள்ளையும் 'வாங்கியவர்'தானே?

நிலாவரைத் தண்ணி

சண்டைக்கு நடுவில் ஒரு சின்னக் கதை. சாமான் விபரம் எல்லாவற்றையும் அச்சகத்தில் தட்டித் தந்தார்கள், பாமினி என்ற பழைய எழுத்துருவில். அப்படியே ஒட்டிவிட்டேன். எங்கள் கணினியில் பாமினி இருந்ததால் அழகாகத் தெரிந்தது. மற்ற எல்லோருக்கும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை. ஐந்து மாதம். நோர்வேயிலிருந்து மச்சாள் அழைத்து "ஏன் உங்கடை கடையிலை தூசணம் மாதிரி எழுதிக் கிடக்கு?" என்று கேட்டபோதுதான் தெரியும். அதற்குள் அந்தக் குப்பையைப் பார்த்தும் பதினொரு பேர் வாங்கியிருந்தார்கள். அவர்கள் எதை நம்பி வாங்கினார்கள் என்று இன்றுவரை விளங்கவில்லை. கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

கொட்டைப்பாக்கு

'முதற்பெயர், கடைசிப்பெயர்' என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் யோசியுங்கோ. எங்களுக்குத் தகப்பன் பெயர் முன்னுக்கு வரும். நான் முதற்பெயரில் அப்பாவின் பெயரைப் போட்டேன். பார்சல் கொண்டுவந்த பையன் ஒழுங்கை முகப்பில் நின்று அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அப்பா போய் மூன்று வருடம். அம்மா குசினியிலிருந்து எழும்பி வாசலுக்கே வந்துவிட்டார். அந்தக் கடையில் பிறகு வாங்கவில்லை. அவர்களில் பிழையில்லை, தெரியும். என்றாலும் வாங்கவில்லை.

சும்மா பார்க்க வந்தவள்

நான் விற்கிறவள் இல்லை, வாங்குகிறவள். சரியாகச் சொன்னால் வாங்காமல் போகிறவள். உங்களில் யாரோ ஒருவரின் கணக்கில் அந்த 70 சதவீதத்துக்குள் நான் கிடப்பேன்.

தீபாவளிக்கு ஒரு கைத்தறிச் சேலை பார்த்தேன். பிடித்தது. மேலே சிவப்பு எழுத்தில் மணிக்கூடு ஓடுகிறது, இன்னும் 1 மணி 58 நிமிடம். அம்மாவிடம் காட்டிவிட்டு வாங்கலாம் என்று போனை வைத்தேன். அம்மா கோயிலால் வர இரவாகிவிட்டது. போச்சு என்று நினைத்துத் திறந்தால், இன்னும் 1 மணி 59 நிமிடம். மூடித் திறந்தேன், திரும்ப இரண்டு மணியிலிருந்து தொடங்குகிறது. அம்மா பார்த்துவிட்டுச் சொன்னது: "மணிக்கூட்டிலேயே பொய் சொல்லுறவன் நூலிலை சொல்லமாட்டானோ?" சேலை உண்மையில் நல்ல சேலையாக இருந்திருக்கலாம்.

அதே கடையில் இன்னொன்று. கடை நல்லூரில், நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில். சைக்கிளில் பத்து நிமிடம். அனுப்புகிற செலவு கொழும்புக்கு எவ்வளவோ எனக்கும் அவ்வளவு, 450 ரூபா. அதையும் கடைசிப் பக்கத்தில்தான் சொன்னார்கள். நானே வந்து எடுக்கிறேன் என்று சொல்ல ஒரு இடம் இல்லை.

கிடுகுவேலி

அந்த மணிக்கூடு, தளத்துக்கு ஆயத்தமாகக் கிடைக்கிற வடிவமைப்போடு (தீம்) சேர்ந்து வருகிறது. எல்லாக் கடையிலும் இருக்கிறதுதான். யாரும் இதுவரை முறையிடவில்லை.

பூவரசு

நல்லூரில் புடவைக் கடை. கிடுகுவேலி, அது அந்த 212 பேர் வந்த கடையோ?

கிடுகுவேலி

முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன்.

குரும்பட்டி

தங்கச்சி, 'நானே வந்து எடுக்கிறேன்' என்று ஒரு தெரிவு நாங்கள் போன வருடமே போட்டோம். அதைத் தெரிந்தெடுக்கிறவர்களில் பாதிப் பேர் வரும்போது இன்னும் இரண்டு சாமான் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். அந்த விற்பனை தளத்தின் கணக்கில் ஏறாது. அதனால் தளம் செய்கிறவர்களுக்கு அது பிடிக்காது. (கிடுகுவேலியைச் சொல்லவில்லை. கொஞ்சம் சொல்கிறேன்.)

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கூடையை விட்டுப் போனவர்களுக்கு நினைவூட்டல் அனுப்புகிறவர்கள் நேரத்தைப் பாருங்கோ. நாங்கள் காலை ஒன்பது மணிக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம், கடை திறக்கிற நேரம் என்று. கோடையில் ரொறன்ரோவில் அது இரவு பதினொன்றரை. இப்போது பின்னேரம் ஆறு மணிக்கு அனுப்புகிறோம். அங்கே காலை எட்டரை, வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருப்பார்கள்.

புழுக்கொடியல்

எல்லோருக்கும் நன்றி. கிடுகுவேலி, படங்களைச் சின்னதாக்கிவிட்டேன், அது நல்ல புத்தி. மணிக்கூடு போடமாட்டேன். ஒன்பது தூளும் ஒன்பதாகவே இருக்கும்.

பாஸ்வேர்டை எடுத்துவிட்டேன். தபால் குறியீடு கட்டாயம் என்றிருந்ததையும் எடுத்தேன். யாழ்ப்பாணத்துக்கு 40000 என்று எனக்கே தேடிப் பார்த்துத்தான் தெரியும். கொட்டைப்பாக்கு சொன்ன பிறகு பெயருக்கு ஒரே பெட்டி, 'பார்சல் வரும்போது எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும்' என்று. விலாசத்துக்குக் கீழே 'அடையாளம்' என்று இன்னொன்று. அதில் முதலில் வந்தது "வைரவர் கோயிலுக்குப் பின்னாலை, பச்சைப் படலை, நாய் கட்டித்தான் கிடக்கு". கூரியர்ப் பையனுக்கு அந்தக் கடைசித் தகவல்தான் பிடித்தது.

விற்பனை கூடியிருக்கிறதா என்றால், பூவரசின் கணக்குப்படி இன்னும் சொல்லக் காலம் வரவில்லை. கூடினது போலத்தான் இருக்கிறது.

அந்த அம்மா நேற்றுத் திரும்ப வந்தார், அதே குடையோடு. நான் ஓடிப்போய், இப்போது பாஸ்வேர்ட் இல்லை, பெயரும் நம்பரும் போதும் என்று அவருடைய போனிலேயே காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார்.

"ஓம், நல்லாத்தான் செய்திருக்கிறாய். ஆனா தம்பி, இதுக்குள்ளை தூளை மணந்து பாக்கேலாதே."

உள்ளே வந்து மூன்று போத்தலைத் திறந்து மணந்தார். இரண்டாவதைத்தான் எடுத்தார். குட்டானையும் அவரே தெரிந்தார், அடியில் கிடந்த இரண்டை.