உங்கள் ஊர் சமுதாய வானொலியில் பழைய பாட்டு ஒலித்ததா? அப்புறம் என்ன நடந்தது?

தென்கடல்காரன்:

பாம்பனில் 2016-இல் மீனவர்களுக்கான கடல் ஓசை 90.4 வானொலி வந்த பிறகு, எங்கள் பக்கம் சமுதாய வானொலி என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதன் கதை பலருக்குத் தெரியும் என்பதால் அதற்குள் போகவில்லை. வேறொரு கடலோர ஊரில் இதேபோன்ற வானொலியின் ஒலிப்பதிவுக்குக் கூடமாட உதவப் போனபோது பார்த்ததைச் சொல்கிறேன்.

அம்பாப் பாட்டைப் பதிவு செய்ய வேண்டும் என்பது திட்டம். கரையில் நின்றபடி கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, கயிற்றைப் பிடித்திருக்கும் மற்றவர்கள் ஏலேலோ போட்டு வாங்கிப் பாடுவார்களே, அதுதான். நன்றாகப் பாடுவார் என்று ஒரு பெரியவரை அழைத்து வந்து, கதவைச் சாத்தி, மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். ஒரு வரிகூட வரவில்லை. "கையில கயிறு இல்லாம எப்படிப்பா வரும்?" என்று எழுந்து போய்விட்டார். சரி என்று அடுத்த முறை கருவியைத் தூக்கிக்கொண்டு கரைக்கே போனோம். காற்று மைக்கில் அறைந்தது, காக்கைச் சத்தம் வேறு. ஆனால் பாட்டு வந்தது.

அது ஒலிபரப்பான இரவுதான் வேடிக்கை. "எங்கப்பா அந்த அடிய வேற மாதிரி பாடுவாரு" என்று தொடர்ந்து போன் வந்துகொண்டே இருந்தது. பாட்டில் சில பார்களின் பெயர் வரும். பார் என்றால் கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டு, மீன் அடையும் இடம். கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் ஒரு கோட்டில் வைத்து அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வயதானவர்கள் போனிலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஜிபிஎஸ் வைத்திருக்கும் பையன்கள் காது கொடுத்துக் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு நிகழ்ச்சி இப்படி அமைந்தது: முதலில் பாட்டு, பிறகு ஒரு பெரியவர் காற்றைப் பற்றிப் பேசுவார். வாடை, அதாவது வடக்கிலிருந்து வரும் காற்று, அடித்தால் வடகடல் கொந்தளிக்கும், தென்கடலுக்குப் போ. தெற்கிலிருந்து வரும் சோழகத்தில் அப்படியே மாறும். அதோடு சேர்த்து ஐதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அலை உயரம், காற்று வேகம். கடைசியில் ஏதாவது ஒரு அரசுத் திட்டம். ஒரு வாரம் மீனவப் பெண்கள் சேமிப்புத் திட்டம் பற்றி: அவர்கள் 1,500 ரூபாய் கட்டினால் அரசுகள் 3,000 சேர்த்து 4,500 ஆகக் கொடுக்கும். பணம் ஏன் வரவில்லை என்று பல வீடுகளில் தெரியாமலே இருந்தது. அதே ஊர்ப் பெண் ஒருவர், பாஸ்புக்கில் பெயருக்கு ஒரு எழுத்து, அட்டையில் வேறு எழுத்து, அதைச் சரி செய்ய எத்தனை தடவை அலைந்தேன் என்று தன் கதையைச் சொன்னார். அதிகாரி வந்து பேசியிருந்தால் பாதிப் பேர் வானொலியை அணைத்திருப்பார்கள்.

பாட்டைப் பாதுகாப்பது என்று மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துகிறார்களே, அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வேலையோடு ஒட்டி இருக்கும்வரைதான் அதைக் கேட்க ஆள் இருக்கும்.

பாசிக்காரி மகள்:

எங்கள் அம்மா மன்னார் வளைகுடாத் தீவுகளின் ஓரம் விற்பதற்காகக் கடல்பாசி எடுப்பவர். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்போடு முங்குவார்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று ஒவ்வொன்றும் எங்கே, எந்த மாதம் என்பது அவர்களுக்கு அத்துப்படி. 1986-இல் தேசியப் பூங்கா ஆன பிறகு 21 தீவுகளின் பக்கமும் போக முடியாத நிலை. வெளியாட்கள் எழுதியதில் எல்லாம் இவர்கள்தான் கடலை அழிப்பவர்கள்.

மாதத்தில் 12 நாள்தான் எடுப்போம், பாறையை இரும்பால் சுரண்ட மாட்டோம் என்று பெண்கள் தாங்களே பேசி முடிவு செய்தது வெளியே யாருக்குத் தெரியும்? வானொலியில் அம்மாவும் இன்னும் சிலரும் பேசியபோது, வேரை விட்டுவிட்டுக் கிள்ளினால்தான் மறுபடி முளைக்கும் என்று பாட்டி சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார்கள். மறுநாள் டீக்கடையில் ஆண்கள் அதைப் பற்றிப் பேசினார்கள். பெண்கள் எடுக்கும் பாசியைப் பற்றி ஆண்கள் டீக்கடையில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. விலை உடனே கூடிவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சோளப்பொரி:

நம்ம ஊர் இல்லை என்றாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேலை விஷயமாக தெலங்கானாவின் ஜஹீராபாத் பக்கம் போனபோது மாச்சனூரில் சங்கம் ரேடியோவைப் பார்த்தேன். டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற தொண்டு நிறுவனத்தின் ஊர்ப் பெண்கள் சங்கங்களில் இருக்கும் தலித் பெண்கள் நடத்துவது. 1990-களின் கடைசியிலேயே ஸ்டுடியோ தயார், உரிமம் மட்டும் இல்லை. அந்த ஆண்டுகளில் பதிவு செய்த கேசட்டைச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். 2006-இல் இப்படிப்பட்ட அமைப்புகளும் வானொலி நடத்தலாம் என்று அரசின் கொள்கை மாறியது, 2008 அக்டோபர் 15 அன்று ஒலிபரப்பு தொடங்கியது. தொடங்கி வைத்தவர் நீதிபதி பி.பி.சாவந்த். அலைக்கற்றை பொதுச் சொத்து என்ற 1995 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சொன்ன அமர்வில் இருந்தவர் அவர்தான்!

விதைப்புப் பாட்டு, களையெடுப்புப் பாட்டு எல்லாம் சிறுதானியம் பற்றியவை. ரேஷன் அரிசி வந்ததும் சோளமும் சாமையும் வயலிலிருந்து போயின, பாட்டும் போனது. இவர்கள் இரண்டையும் சேர்த்தே திருப்பிக் கொண்டுவந்தார்கள். சங்கராந்தியை ஒட்டி மாட்டு வண்டிகளை அலங்கரித்து, விதைகளை ஏற்றி ஊர் ஊராகப் போகும் ஜாத்திரை ஒன்று நடத்துகிறார்கள். ஊர் நின்று வேடிக்கை பார்க்கும், அப்படியே விதைப் பேச்சும் நடக்கும்.

அங்கே படம் எடுக்கும் பெண்களும் உண்டு. மேலிருந்து கீழே பார்த்து எடுத்தால் பட்டேல் ஷாட்; பட்டேல் என்றால் அங்கே நிலக்கிழார். சமமான உயரத்தில் எடுத்தால் சங்கம் ஷாட். அவர்கள் எதற்குக் கேமராவைச் சம உயரத்தில் வைக்கிறார்கள் என்று அதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை.

கணக்குப்பிள்ளை:

எல்லாம் நன்றாக இருக்கிறது. பணம் யார் தருவார்கள்? நூறு வாட் ஒலிபரப்புக் கருவி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் எட்டினால் பெரிது. கரண்ட் பில் எல்லாருக்கும் ஒன்றுதான். எங்கள் ஊரில் ஒரு கல்லூரி வளாகத்தில் நன்றாகப் போய்க்கொண்டிருந்த நிலையம், பயிற்சி பெற்ற பிள்ளைகள் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனதும் சினிமாப் பாட்டு நிலையமாகிவிட்டது. தெருக்கூத்துக் கலைஞர்களைக் கூப்பிட்டுப் பாட வைத்துவிட்டு, போக்குவரத்துச் செலவு மட்டும் கொடுத்து அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பிழைப்பு அது. பண்பாடு என்று சொன்னால் மட்டும் ஏன் எல்லாரும் இலவசமாகக் கேட்கிறார்கள்?

தென்கடல்காரன்:

@கணக்குப்பிள்ளை, கேள்வி நியாயம்தான். நான் பார்த்த இடத்தில் பெரியவருக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் அன்றைய கரைவலைப் பங்குக்குச் சமமாகப் பணம் கொடுத்தார்கள். ஒலிப்பதிவுக்காக வலை இழுப்பது தாமதமானது, அதனால் கொடுத்தே ஆக வேண்டும் என்று அங்கிருந்த சம்மாட்டி, அதாவது வலைக்குச் சொந்தக்காரர், கறாராகச் சொல்லிவிட்டார். விளம்பர நேரம் இப்போது மணிக்கு 12 நிமிடம் வரை அனுமதி, ஆனால் கடலோர ஊரில் விளம்பரம் தருவது ஐஸ் கம்பெனியும் வலைக்கடையும்தான். மீன்பிடித் தடைக்காலத்து 61 நாளில் அவர்களும் கைவிரிப்பார்கள்.

இன்னொன்று. 80, 90-களில் கரைவலைப் பாட்டை வீட்டு டேப்ரிக்கார்டரில் பதிந்த கேசட் யாரிடமாவது இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். பூஞ்சை பிடித்திருந்தாலும் பரவாயில்லை, டேப்பைச் சுத்தம் செய்து மாற்றித் தர ஆள் இருக்கிறது. கேசட் உங்களுக்கே திரும்பி வரும்.