கிராசிங்ல தண்ணி புடிக்க எறங்கினேன், வண்டி போயிட்டு. பை, போன், செருப்பு எல்லாம் உள்ள

குறும்பூர்காரன்:
மக்கா, சிரிக்காம படிங்க. டெய்லி காலைல குறும்பூர்ல ஏறி பாளையங்கோட்டைல எறங்குத ஆளு நான், சீசன் டிக்கெட்டு, ஏழு வருசமா அதே பொட்டி அதே சன்னல். இன்னைக்கு ஸ்ரீவைகுண்டத்துல எதிர் வண்டிக்கு வழி விட கிராசிங்குக்கு போட்டுட்டாவ. எப்படியும் பத்து நிமிசம் ஆவும்லான்னு, சம்மணம் போட்டு உக்காந்திருந்தவன் செருப்பக்கூட மாட்டாம காலி பாட்டில மட்டும் எடுத்துக்கிட்டு குழாய்க்கு போனேன். எதிர் வண்டி வந்துச்சு, சரி அது நின்னு போகட்டும் அப்புறம்தான நம்ம வண்டின்னு மெதுவா மூஞ்சியக் கழுவிட்டு நிமிந்து பாத்தா நம்ம கடைசிப் பொட்டி பிளாட்பாரத்த தாண்டுது. ஓடினேன், நாலு எட்டு வைக்கதுக்குள்ள கால்ல ஒரு கருவேல முள்ளு.

பைக்குள்ளதான் போன், பர்சு, சீசன், டிபன்ல புளிச்சோறும் கானத்தொவையலும். கையில ஒரு பாட்டில் தண்ணி. பக்கத்துல நின்ன தம்பி போன் குடுத்தான், யாருக்கு அடிக்க? வீட்டுக்காரி நம்பர் மனசுல இல்ல. தெரிஞ்ச ஒரே நம்பர் எங்க அப்பா இருந்தப்ப வீட்டுல இருந்த லேண்ட்லைன், அத எடுத்தே பல வருசமாச்சு. கடைசில புதுக்குடி வரை நடந்து போய் பஸ் ஏறினேன், டிக்கெட்ட ஒரு பெரியவர் எடுத்துக் குடுத்தாவ, வெறுங்காலப் பாத்துட்டு "செந்தூருக்கு நடந்து போயிட்டு வாரியளோ"ன்னு கும்பிட வேற செஞ்சாவ. நானும் இல்லன்னு சொல்லல.

இப்ப சாயந்தரம், போன் சுவிச்டு ஆப். பை கெடைக்குமா? யார்ட்ட கேக்கணும்? பஸ்சுக்கு பதிலா அடுத்த ரயில்லயே ஏறியிருந்தா சீசன் இல்லாததுக்கு பைன் போட்டிருப்பாவளா?

பாளை வாத்தியார்:
மொதல்ல ரயில்வே உதவி நம்பர் 139க்கு அடிங்க அண்ணாச்சி. வண்டி நம்பர், எத்தனாவது பொட்டி, எந்தப் பக்கம் சீட்டு, பை என்ன கலர், எல்லாம் சொல்லணும். ரயில் மதத் ஆப்லயும் போடலாம், ஆனா ஒங்ககிட்டதான் போனே இல்லையே. இதெல்லாம் காலைலயே, அந்த ஸ்டேசன் மாஸ்டர் ரூமுக்கு போய் சொல்லியிருந்தா அவுக அடுத்த ஸ்டேசனுக்கு போன் போட்டு வண்டி நிக்கும்போதே பைய எறக்கச் சொல்லியிருப்பாவ. இப்பவும் திருநெல்வேலி ஜங்சன்ல ஆர்பிஎப்ல, அதான் ரயில்வே பாதுகாப்புப் படைல, ஒரு வார்த்த கேட்டுருங்க.

பைன் விசயம்: சீசன் வீட்டுல இருந்தாலும் ஒண்ணுதான் ஓடுத வண்டில இருந்தாலும் ஒண்ணுதான், கையில இல்லேன்னா டிக்கெட் இல்லாத ஆளு. டிக்கெட் காசோட கூட கொறஞ்சது 250 ரூவா. யார்ட்டயாவது கைமாத்து வாங்கி ஒரு டிக்கெட் எடுத்துட்டு ஏறதுதான் புத்தி.

கேட்கீப்பர் மகன்:
எல்லாரும் இதுலதான் ஏமாறுதாவ. அது ஒத்த லைன் வே. ஒங்க வண்டி நிக்கதே எதிர்ல ஒருத்தன் அந்தத் தண்டவாளத்துல வாரதுனாலதான். அவன் முழுசா உள்ள வந்துட்டான்னா முன்னால ரோடு காலி, தண்டவாளம் பிரியுத பாயிண்ட மாத்தி ஒடனே கெளம்புததுக்கு ஸ்டார்ட்டர் சிக்னல் குடுத்துருவாவ. எதிர் வண்டி மூஞ்சி தெரிஞ்ச ஒடனே நீரு பொட்டிக்குள்ள இருக்கணும், நீரு அப்பதான் மூஞ்சி கழுவ ஆரம்பிச்சிருக்கீரு. டீசல் எஞ்சின் ஓடுன காலத்துல கெளம்பும்போது ஒரு உறுமு உறுமும், குழாயடில நின்னாலும் கேக்கும். இப்ப கரண்டு எஞ்சின், பூனை மாதிரி நழுவிரும்.

செய்துங்கநல்லூர் செல்வி:
பொட்டில இருந்தவுகளாவது சங்கிலிய இழுத்திருக்கலாம்லா? ஏழு வருசப் பழக்கம்னு சொல்லுதிய!

கேட்கீப்பர் மகன்:
தண்ணி புடிக்க எறங்கினவனுக்காக இழுத்தா அது சரியான காரணம்னு யாரும் ஒத்துக்க மாட்டாவ தாயி. ரயில்வே சட்டம் 141வது பிரிவு, 1000 ரூவா வரை அபராதம், இல்ல ஒரு வருசம் வரை ஜெயில், ரெண்டும் சேத்தும் போடலாம். இழுக்காம இருந்ததே நல்லது.

ஆறுமுகநேரி அண்ணன்:
ஏ குறும்பூரு, அந்த ஸ்டேசன்ல மாட்டுனதுக்கு ஒரு நாள்ல தப்பிச்சோம்னு சந்தோசப்படும். 2023 டிசம்பர் 17 ராத்திரி வெள்ளத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் அங்கனதான நின்னுச்சு, தண்டவாளத்துக்கு கீழ சல்லியே இல்லாம அரிச்சுப் போயிட்டு, நூத்துக்கணக்குல சனம் ரெண்டு நாளா மாட்டிக்கிட்டு கெடந்தாவ. புதுக்குடிக்காரங்கதான் சோறு பொங்கிப் போட்டாவ. ஒமக்கும் அந்த ஊரு பெரியவர்தான் டிக்கெட் எடுத்திருப்பாரு, எனக்கு சந்தேகமே இல்ல. பை கெடச்சுதா சொல்லும்.

குறும்பூர்காரன்:
கெடச்சிட்டு மக்கா! 139லயும் சொன்னேன், ஆனா அதுக்கு முந்தியே எதுத்த சீட்டு அண்ணாச்சி பாளையங்கோட்டைல பையோட எறங்கி ஆபீஸ்ல பத்திரமா வச்சிருந்திருக்காவ. போன்ல சார்ஜ் தீந்துட்டு, அதான் சுவிச்டு ஆப். இன்னைக்கு காலைல வண்டில குடுத்தாவ, செருப்ப தனியா ஒரு ஜவுளிக்கடை கவர்ல போட்டு. டிபன் மட்டும் கழுவிக் கவுத்தி வச்ச மாதிரி சுத்தமா இருந்துச்சு. கேட்டா "கெட்டுப் போயிரும்லா, வீணாக்கப்பிடாதுன்னு நாங்க நாலு பேரும்…"ன்னு இழுக்காவ. அதோட நிக்கல, தொவையல்ல உப்பு கொஞ்சம் கூடவாம், வீட்டுல சொல்லச் சொன்னாவ.

வீட்டுக்காரி நம்பர மனப்பாடம் பண்ணிட்டேன். உப்பு விசயத்த இன்னும் சொல்லல.